ஏழாவது அடி

எங்கள் கடை வாசற்படியிலிருந்து ஏழு அடி எடுத்து வைத்தால் விளக்குக் கம்பம் வந்துவிடும். பழைய சோபா, கட்டில், அலமாரி விற்கிற கடை. விலை கட்டுப்படியாகவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்புகிறவரை என் வீட்டுக்காரர் ஆறு அடி வரைக்கும் போக விடுவார். ஏழாவது அடிக்கு அவர் காலைத் தூக்கும்போதுதான், "சரி வாங்க, உங்களுக்காகத்தான்" என்று கூப்பிடுவார். அவரே ஏதாவது வாங்கப் போனாலும் இதே வித்தைதான். "வேண்டாம், விடுங்க" என்று விறுவிறுவென்று நடந்துவிடுவார். கடைக்காரர்தான் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடாத கடைக்காரரை நான் இந்த இருபத்திரண்டு வருடத்தில் பார்த்ததில்லை. தெருவில் அவருக்கு ஏழடியார் என்றே பெயர். அதில் அவருக்குப் பெருமை வேறு.

நான் அந்தச் சோபாக்களுக்குப் புதுத் துணி போட்டுத் தைப்பவள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் தெறித்து வலது கண்ணில் அடித்தது. காயம் ஆறிவிட்டது, ஆனால் கருவிழியில் தழும்பு வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் யார் வந்தாலும் எனக்கு ஒரு மங்கலான அசைவு மட்டும்தான். யாராவது தானம் செய்த கருவிழியை வைத்துத் தைத்தால் பார்வை வரும் என்றார்கள். பெயர் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

பெயர் கொடுத்த அன்றைக்கு விண்ணப்பத்தில் போன் நம்பருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டிலும் தன் நம்பரையே எழுதினார் இவர். "கடை போர்டுல பெயிண்ட் அடிச்ச நம்பர். இது மாறுமா?" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது என் தப்பு.

அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "கண் ஒண்ணு வந்திருக்கும்மா. டெஸ்ட் ரிசல்ட் மூணு மணிக்குத்தான் தெரியும். சரியா இருந்தா மூணுல இருந்து நாலுக்குள்ள கூப்பிடுவோம். உடனே வரணும். மூணு தடவை அடிச்சும் கிடைக்கலைன்னா லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும். போனை ஃப்ரீயா வெச்சுக்கங்க."

இதைக் கேட்ட மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? போனை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இவரோ இரண்டு மணிக்குப் போன் கம்பெனியைக் கூப்பிட்டார். அன்றைக்குப் பில் தேதி. மறுநாள் பிறந்தால் இன்னொரு மாதக் கட்டணம் ஏறிவிடும். ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தாலும், போய்விடுவேன் என்று மிரட்டினால் நடுவிலேயே குறைப்பார்கள் என்று அவருடைய மச்சான் ஓதி வைத்திருந்தான்.

"மூணுக்குத்தானே கூப்பிடறாங்க? நான் ரெண்டரைக்குள்ள முடிச்சுடறேன்," என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

அந்தப் பக்கம் ஒரு பெண். "சார், ஒப்பந்தம் நடுவுல இருக்கறப்ப கட்டணத்தைக் குறைக்க முடியாது. சின்ன பிளானுக்கு மாறலாம், ஆனா மறுபடியும் ரெண்டு வருஷம் கையெழுத்துப் போடணும்."

"அப்ப வேண்டாம், விடுங்க. லைனைக் கட் பண்ணிடுங்க. நான் வேற கம்பெனிக்குப் போய்க்கறேன்."

"நிச்சயமா சார்?"

"நிச்சயமா," என்று போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். விரல் விட்டு எண்ணவும் ஆரம்பித்துவிட்டார். ஐந்து, ஆறு, ஏழு. போன் அடிக்கவில்லை. பத்து வரைக்கும் எண்ணினார். அப்போதுதான் குறுஞ்செய்தி வந்தது. நான் இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். 'உங்கள் விருப்பப்படி இணைப்பு இன்று 3.30 மணிக்குத் துண்டிக்கப்படும். மீதமுள்ள மாதங்களின் கட்டணம் இறுதிப் பில்லில் சேர்க்கப்படும். எங்களுடன் இருந்தமைக்கு நன்றி.'

அவர் மறுபடியும் கம்பெனியைக் கூப்பிட்டார். எங்களுக்கு முன்னால் பத்தொன்பது பேர் காத்திருக்கிறார்கள் என்றது இயந்திரக் குரல். என் போனிலிருந்து கூப்பிடலாம் என்றால், எந்த நம்பரோ அந்த நம்பரிலிருந்து கூப்பிட்டால்தான் பேசுவார்களாம். என் போனில் ஆஸ்பத்திரியின் பொது எண்ணை அடித்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டுத் தானாகவே நின்றுபோனது.

"இப்ப என்னங்க பண்றது?" என்றேன். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வரிசையில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டே முக்காலுக்கும் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். "அதைக் கட் பண்ணுங்க. மூணு மணி அடிச்சதும் அந்த லைன் சும்மா கிடக்கணும். நான் நேர்ல போறேன். நர்ஸ் கூப்பிட்டா, நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்க. வேற யாருக்கும் வாயைத் திறக்கக் கூடாது. புரியுதா?" என்றேன். தலையாட்டினார். செருப்பை மாட்டினேனா, கையில் எடுத்துக்கொண்டு ஓடினேனா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

பஸ்ஸில் பத்து நிறுத்தம். மூன்று மணிக்கு பஸ் ஆறாவது நிறுத்தத்தில் இருந்தது. மூன்று ஐந்துக்கு மனசு கேட்காமல் அவருக்கு அடித்தேன். பிஸி. நர்ஸாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். நர்ஸ் பேச ஒரு நிமிஷம் போதாதா? மூன்று ஏழுக்கு மறுபடியும் அடித்தேன். பிஸி. பேரத்துக்கு நடுவில் டொக் டொக்கென்று சத்தம் வந்தால் வந்த கிராக்கி நழுவிவிடும் என்று கால் வெயிட்டிங்கை எப்போதோ நிறுத்தி வைத்திருந்தார் மகானுபாவர். ஆக, நான் அடித்தாலும் பிஸி, ஆஸ்பத்திரி அடித்தாலும் பிஸி. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகப் போகிறது, அதுவும் ஒரு போன் பில்லுக்காக. அவரைத் திட்ட நல்ல நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டேன்.

எட்டாவது நிறுத்தத்தில் சிக்னல் விழுந்து பஸ் நின்றது. இறங்கி ஓடினேன். வலது பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் இரண்டு பேர் மேல் மோதினேன். ஒருவர், "கண்ணு தெரியலையா?" என்று கத்தினார். நின்று பதில் சொல்ல நேரமில்லை.

இரண்டாவது மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காலையில் பேசிய அதே குரல் கேட்டது. நர்ஸ் மேஜை மேல் ஒரு பட்டியலை விரித்து, வரிசை தவறாமலிருக்க ஒரு பெயருக்குக் கீழே ஸ்டீல் ஸ்கேலை வைத்திருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"மூணாவது தடவை. இப்பவும் பிஸிதான்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "அடுத்தவங்களைக் கூப்பிட்டுடலாமா?"

அவர் கை ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கியது. என் நல்ல கண்ணால் அதைப் பார்த்தேன்.

"சிஸ்டர், ஸ்கேலை நகத்தாதீங்க!" என்று கத்திவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "அந்த வரி நான்தான். வந்துட்டேன். இங்கேதான் நிக்கறேன்."

நர்ஸ் என்னையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். அடையாள அட்டையை நீட்டினேன். நீட்டிய அவசரத்தில் அது கீழே விழுந்தது. அவரே எழுந்து வந்து எடுத்தார். "ஆபரேஷனுக்கு வெறும் வயிறா இருக்கணும், தண்ணி கிண்ணி குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஸ்கேல் பழைய இடத்துக்கு வந்தது. எனக்கு அழுகை வந்தது, அங்கேயே நின்று அழுதேன்.

"கூட யாரும் வரலையா? வீட்டுக்காரர்?"

அவருக்கு அடித்தேன். பிஸி. "பேரம் பேசிக்கிட்டிருக்கார், சிஸ்டர்," என்றேன். நர்ஸுக்குப் புரியவில்லை. கையெழுத்தை நானே போட்டேன். போன் நம்பருக்கான இரண்டு கட்டத்திலும் என் நம்பரை எழுதினேன். அவர் போனுக்கு, 'ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், ஆபரேஷன்' என்று செய்தி அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் வலது கண்ணில் கட்டோடு படுத்திருந்தேன். நன்றாகத் தைத்தாயிற்று, ஒட்டிக்கொண்டதா என்பது போகப் போகத் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பஸ்ஸில் பொறுக்கி வைத்த வசவுகள் எல்லாம் எனக்கு நாக்கு நுனியில் இருந்தன.

"மூணு மணிக்குப் போன் அடிச்சுது," என்றார். "ஆஸ்பத்திரின்னுதான் எடுத்தேன். கம்பெனிக்காரன். போறவங்களைப் பிடிச்சு வைக்கறதுக்குன்னே தனியா ஒரு பிரிவு வெச்சிருக்கானாம். போனை வெச்சா மூணரைக்கு லைன் செத்துடும். வெக்கலைன்னா நர்ஸ் கூப்பிட முடியாது. முழுப் பணத்தையும் கட்டறேன், லைனை மட்டும் விட்டுடுங்கன்னு கெஞ்சினேன். அவன் கேக்கவே மாட்டேங்கறான். கால்வாசி குறைக்கறேங்கறான். சரின்னா, இல்ல சார், இன்னும் குறைக்கறேன், நிபந்தனையைப் படிக்கறேன் கேளுங்கங்கறான். இருபது நிமிஷம். எல்லாத்துக்கும் சரி சரின்னுக்கிட்டே அழுதுட்டேன்."

அவர் அழுததை நான் பார்த்ததில்லை. வசவுகளில் ஒன்றும் வெளியே வரவில்லை.

"கடைசியில எவ்வளவுக்குத்தான் முடிஞ்சுது?" என்றேன்.

அவர் மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

"கேட்டுக்கலை," என்றார்.