காளான் பவளத்தின் நிறம்

கணவர் இறந்தபின் வீட்டுக்குள்ளே இருக்கும் இத்தாவை றாபியா முடித்த மூன்றாம் நாள், எல்கடுவையிலிருந்து ராஜநாயகமும் அவர் மனைவி மார்ஜரியும் காலை பஸ்ஸில் மாத்தளைக்கு வந்தார்கள். ராஜநாயகம் உட்காரக்கூட இல்லை. நேரே கூடத்து மூலையிலிருந்த கடல்நீர்த் தொட்டியின் முன்னால் போய் நின்றார்.

"வந்த வீட்டுல ரெண்டு வார்த்தை பேசுறாரா பாருங்க. எங்க கல்யாணத்தன்னைக்கும் இப்பிடித்தான், மீன் தொட்டி இருக்கிற பக்கமா போய் நின்னாரு," என்றாள் மார்ஜரி.

"இரிக்கட்டும் அக்கா. அதப் பாக்கத்தானே நான் வரச் சொன்ன," என்றாள் றாபியா.

தொட்டி அவள் கணவர் அப்துல் ஸமத்தினுடையது. அதில் காளான் பவளங்கள் என்ற கடலுயிர்கள் ஐந்து இருந்தன. குட்டைத் தண்டு, அதன்மேல் வட்டமாக ஒரு சதைத்தட்டு. முதலில் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். அது நகரும்போதெல்லாம் அடியில் ஒரு துண்டை விட்டுப் போகும். விட்டுப்போன துண்டு இன்னொரு காளானாகும். அப்படி வந்த ஒன்றைத்தான் ஸமத் தன் சிநேகிதர் ராஜநாயகத்துக்குக் கொடுத்திருந்தார்.

ஸமத் மவுத்தானபின் நாலு மாதமும் பத்து நாளும் ராஜநாயகம் இந்த வாசலை மிதிக்கவில்லை. இத்தா இருக்கிற வீட்டுக்குள் அந்நிய ஆண் போகக்கூடாது. றாபியாதான் கிழமைக்கொரு படம் பிடித்து போனில் அனுப்பினாள். தொட்டியின் நீல விளக்கில் பவளங்கள் தணல்போலச் சிவந்து தெரிந்தன. 'அருமை தங்கச்சி, ஸமத் இருந்தப்பகூட இந்தக் கலர் இல்ல' என்று பதில் வரும். அதை அவள் இரண்டு தரம் வாசிப்பாள். ஸமத் விட்டுப்போனதில் மூச்சோடு இருந்தது அது ஒன்றுதான். அதையும் சாகக் கொடுத்துவிடக்கூடாது என்பதே அவளுடைய ஒரே பயம்.

ராஜநாயகம் நீல விளக்கை அணைத்துவிட்டுத் திரைச்சீலையை விலக்கினார். பகல் வெளிச்சத்தில் சிவப்பு காணாமல் போயிற்று. சாசர் அளவிலிருந்த தட்டுகள் பொத்தான் அளவில் சுருங்கி, வெளிறி, வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"படத்துல அளவு தெரியலியே," என்றார் மெதுவாக. தன் போனைத் திறந்து எல்கடுவைக் காளானைக் காட்டினார். மங்கிய கோப்பி நிறம். ஆனால் ஓரமெல்லாம் தடித்து, கல்லை மூடி அகன்று கிடந்தது.

"இதுவா நல்லா இரிக்கி?" என்றாள் றாபியா.

"கலரு கம்மிதான். நோவுல உள்ளதுதான் நீல லைட்டுல அப்பிடிச் சிவந்து மின்னும். வயிறு நெறஞ்ச புள்ள மாதிரி கெடக்கு பாருங்க. தண்ணி கொறைஞ்சா என்ன ஊத்துனீங்க?"

"கடத்தண்ணிதான். அவர் ரொப்பி வெச்ச கேன்ல இருந்து, கிழமைக்கு ஒரு ஜக்."

அவர் ஒரு துளியை எடுத்து, உப்பு பார்க்கும் கருவியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உப்பு கூடிப்போச்சு. தண்ணிதான் ஆவியா போகும் தங்கச்சி. உப்பு உள்ளுக்கே நிக்கும். கொறைஞ்சதுக்கு உப்பில்லாத நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

ஸமத் காலையில் நல்ல தண்ணீர் வாளியோடு தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதை அவள் கண்டிருக்கிறாள். கண்ணாடி கழுவ என்றே நினைத்தாள். நிலாவெளிக் கடலில் இடுப்பளவு நீரில் நின்று, அலை தணியும்வரை காத்திருந்து கேன் நிரப்பியதுதான் அவள் கண்ணில் இருந்தது. கரையில் அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அந்தத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் எது இருந்துவிடப்போகிறது?

"என்னோடதுல ரெண்டு வெட்டிக் கொண்டாறேன். ஒரே தாய்தானே, வித்தியாசம் தெரியாது," என்றார் ராஜநாயகம்.

"வாணாம் அண்ணன். இது பொழைக்குமா, அத மட்டும் சொல்லுங்க."

"உப்புத் தண்ணிய கொஞ்சங்கொஞ்சமா எடுத்து, நல்ல தண்ணிய கொஞ்சங்கொஞ்சமா ஊத்தினா பொழைக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்."

தண்ணீரை வெளியே எடுக்க, குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு மறுநுனியை வாயால் இழுக்கவேண்டும். அவர் குனிவதற்குள் அவள் குழாயை வாங்கிக்கொண்டாள். ஓர் இழுப்பில் வாய் நிறைய உப்பு. துப்பும்போது அவள் முகம் சுளித்தது.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விடிகாலை சுபஹு தொழுத கையோடு, ஸமத் தொட்டிப் பக்கமிருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு குசினிக்கு வருவார். "பிளேன்டீ ஒண்டு தா புள்ள, கருப்பட்டி பெருசா வெச்சு." விடியமுன் என்ன இனிப்பு என்று இருபது வருடம் ஏசியிருக்கிறாள். ஏனென்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

மார்ஜரி தண்ணீர்க் கிளாஸை நீட்டினாள். வாளி நிரம்பும்வரை றாபியா வாய் கொப்பளிக்கவில்லை.

அந்தக் கிழமையே ஒரு காளான் கரைந்துபோனது. மற்ற நாலும் ஒரு மாதத்தில் மெல்ல விரிந்தன. விரிய விரிய நிறம் மங்கி, கோப்பி மண்டியைப்போல் ஆயின. பக்கத்து வீட்டு நிஷ்மியா எட்டிப் பார்த்துவிட்டு, "முந்தி எவ்வளவு வடிவா சிவந்து இரிந்திச்சு மாமி," என்று அங்கலாய்த்தாள்.

"ஓ," என்றாள் றாபியா. தொட்டிக்கு முன்னால் அவளுக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். உள்ளே ஒரு காளானின் ஓரம் மற்றொன்றின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.