படியில் உட்கார்ந்தவர்கள்

போர்க்காலத்தில் ராணுவ ஆம்புலன்ஸ் ஓட்டியவள் டிரைவர் அக்கா. குண்டு விழுந்துகொண்டிருந்த பாலத்தைக் கடந்து திரும்பத் திரும்பப் போய்க் காயம்பட்டவர்களை அள்ளிக்கொண்டு வந்ததற்காகப் பதக்கம் கொடுத்தார்கள். கடைசியாகப் போனபோது இடது கால் போயிற்று. இப்போது டிரைவிங் ஸ்கூலில் வேலை. கிளட்சைக் கண்டாலே நடுங்குகிறவர்களைத் திட்டித் திட்டியே தேற்றிவிடுவாள்.

பூங்காவில் பதக்கம் வாங்கியவர்களுக்கென்று எழுப்பிய நினைவுச் சுவரில் அவள் பெயரும் இருந்தது. மாலையானால் அதன் அடியிலுள்ள படியில் வந்து உட்காருவாள். துணைக்குப் பார்வை போன பீரங்கிக்காரர். அவர் பெயரும் சுவரில் உண்டு. இருவரும் இருட்டும்வரை ஊர்வம்பு பேசுவார்கள்.

நகராட்சிக்குப் புதிதாக வந்த அதிகாரி அங்கே ஒரு பலகை நட்டார்: ‘மரியாதைக்குரிய இடம். அமரக் கூடாது.’

அன்று மாலை காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “எந்திரிங்கக்கா. மேலிடத்து உத்தரவு.”

“சொல்ல வேண்டியது உங்க வேலை. சொல்லிட்டீங்க. போய் டீ குடிங்க.”

சற்று நேரத்தில் அதிகாரியே வந்துவிட்டார். “இது வீரர்களோட நினைவிடம்மா. பஸ் ஸ்டாப் இல்ல.”

“அந்த வீரர்கள்ல ரெண்டு பேர்தான் உக்காந்திருக்கோம்,” என்றார் பீரங்கிக்காரர். “சுவத்துல பேர் இருக்குதாம். நான் பாத்ததில்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

அதிகாரி முகம் கறுத்தது. இறங்கி வர மனம் வரவில்லை. “யாரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான். மரியாதையா எழுந்து நில்லுங்க.”

எழுந்து நில் என்ற சொல் டிரைவர் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆஸ்பத்திரி, பென்ஷன் ஆபீஸ் என்று எத்தனை ஜன்னல்களுக்கு முன்னால் அவளை நிற்க வைத்திருக்கிறார்கள். அவள் நிதானமாகக் கால்சட்டையைச் சுருட்டினாள். வாரை அவிழ்த்துச் செயற்கைக் காலைக் கழற்றிப் படியில் நிறுத்தி வைத்தாள்.

“நிக்கணும், அவ்வளவுதானே? இது நிக்கும். நான் உக்காந்துதான் இருப்பேன்.”

கைக்குழந்தையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். பிறகு வந்து அக்காவின் அருகே அமர்ந்தாள். ஓடிக் களைத்து வந்த ஒருவரும் வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வர, படி நிறைந்தது.

அதிகாரி போலீசுக்குப் போன் போட்டார். வந்த பெண் போலீஸ் படியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாரை சார் தூக்கணும்? கை காட்டுங்க.”

அதிகாரியின் கை எழவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

பலகையை அவர் எடுக்கவில்லை. மறு வாரம் எதிர்ப்புறம், மரத்தடியில் புது பெஞ்சு வந்தது. சமாதானத்துக்காம். போய் உட்காரச் சொல்லிக் காவலாளி கெஞ்சினார்.

“அங்க போய் உக்காந்தா வேடிக்கை பாக்க வந்தவங்களாயிடுவோம்,” என்றாள் டிரைவர் அக்கா. “எங்க இடம் இதுதான். நீங்களும் உக்காருங்க, கால் வலிக்கப் போகுது.”