தொட்டி நிறைய மழை

மழை வரவேண்டும் என்று நாங்கள் போடாத வேஷமில்லை. வண்டியைக் கழுவிப் பார்த்தேன். துணியைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, வேண்டுமென்றே டவுனுக்குப் போய் வந்தோம். துணி மொடமொடவென்று காய்ந்து, செம்மண் பூசிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தது.

மூன்றாம் வருஷ வறட்சி. மேற்குக் குயின்ஸ்லாந்தில் எங்கள் பண்ணையில் மிஞ்சியது நானும், என் மனைவி டெஸ்லியும், கன்று போடும் பசுக்கள் கொஞ்சமும்தான். மற்றவற்றை லாரி லாரியாக ஏற்றி அனுப்பியாகிவிட்டது. இவையும் போனால் அப்புறம் மழை பெய்து என்ன பயன்? பண்ணையைப் பூட்டிவிட்டு, டவுனில் டெஸ்லியின் தங்கை வீட்டுப் பின்னறையில் போய் உட்காரவேண்டியதுதான். அந்த அம்மாள் ஆட்டுக்கறியைக்கூட உப்பில்லாமல் வேகவைப்பவள். இந்தப் பசுக்களை நான் எவ்வளவு கருத்தாகக் காப்பாற்றினேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

காய்ந்த புல்லில் சத்து கிடையாது. அதனால் உப்பு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, அளவாகக் கொஞ்சம் யூரியா கலந்து வைப்போம். மாடு நக்கி நக்கித் தின்றால் அது மருந்து. தண்ணீரில் கரைந்ததை மடமடவென்று குடித்துவிட்டால் விஷம். இதற்காகவே தெற்கு மேய்ச்சலில் பழைய குளியல் தொட்டிகள் மூன்றைப் போட்டிருந்தோம். மழை பெய்தால் அடியிலுள்ள ஓட்டை வழியாக வடிந்துவிடும் என்பது கணக்கு.

அன்று மத்தியானம் தகரக்கூரையில் சடசடவென்று சத்தம். பண்ணைக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோவில் பக்கத்துப் பண்ணை கீயோ தொண்டை கிழியக் கத்தினான்.

"டேய் லயல்! மழைடா! உள்ள என்னடா பண்ற, வெளிய வாடா!"

டெஸ்லி முற்றத்தில் அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றாள். நான் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு ஆடினேன். என் தொப்பைக்கு அது அழகான காட்சியல்ல. நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. சட்டென்று டெஸ்லி வாயை மூடினாள்.

"லயல், ஓட்டைய எப்பப் பாத்த?"

"எந்த ஓட்டை?"

"தொட்டி ஓட்டைய்யா! போன வாரம் புழுதிக்காத்து அடிச்சுதே. உப்பும் மண்ணும் சேந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தா?"

ஆட்டம் நின்றது.

"நீ போ. நான் வினிகர எடுத்துக்கிட்டு மேட்டுப் பக்கமா பைக்ல வர்றேன்," என்றாள். யூரியா ஏறிய மாட்டுக்கு வினிகர்தான் ஊற்றவேண்டும், அதுவும் உடனே.

கடப்பாரையை வண்டியில் போட்டுக்கொண்டு விரட்டினேன். கரிசல் தரையில் இறங்கியதும் சக்கரம் அல்வாத்துண்டு மாதிரி மண்ணை அப்பிக்கொண்டு நின்றுவிட்டது. இறங்கி ஓடினேன். நான் ஓடினேன் என்று எழுதினால் எங்கள் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். காலுக்கு இரண்டு செங்கல் கனம் சேற்றோடு, வாழ்க்கையில் முதல்முறையாக வானத்தைப் பார்த்து, "கொஞ்சம் நிறுத்தித் தொலையேன்," என்று கெஞ்சினேன்.

முதல் தொட்டியில் டீ நிறத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. மாடு எதுவும் இல்லை. கடப்பாரையால் குத்தினேன், கொளக்கென்று வடிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைச் சுற்றிப் பசுக்கள் எல்லாம் நின்றன. ஆழ்குழாய்க் கிணற்றின் சூடான உப்புத்தண்ணீரைக் குடித்துச் சலித்த வாய்களுக்கு, புண்ணாக்கு மணக்கும் மழைத்தண்ணீர் விருந்து அல்லவா?

"ஹேய்! போ! போங்கடி மூதேவிகளா!"

தொப்பியால் மூக்கு மூக்காக அடித்தேன். ஓட்டையில் குத்தினால் டணாரென்று கடப்பாரை திரும்பியது. குத்தக் குனிந்தால் பின்னாலிருந்து ஒன்று வாயை நீட்டியது. வேறு வழி தெரியவில்லை. தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மழையில், சட்டையில்லாமல், யூரியாத் தண்ணீரில் குளிக்கும் கிழட்டு மாப்பிள்ளை. ஒரு கையால் தொப்பியை வீசினேன், மறுகையால் இரண்டு தொடைக்கு நடுவில் கடப்பாரையைக் குத்தினேன்.

அப்போதுதான் பட்டர் என்ற பசுவைப் பார்த்தேன். டெஸ்லி சமையலறையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள். பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பவள். கூட்டத்தைவிட்டு விலகி நின்றாள். தாடையிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. காது துடித்தது. தோள் துடித்தது. பிறகு முன்கால் மடங்கியது.

நான் எழுந்து அவளிடம் ஓடினால் மற்ற எல்லா வாயும் தொட்டிக்குள் இறங்கிவிடும். உட்கார்ந்தே இருந்தேன்.

"பட்டர்! எந்திரிம்மா! எந்திரிடி!" என்று கத்தினேன். என் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கினாள். எழுந்திருக்க முடியவில்லை.

டெஸ்லி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள், பட்டரைப் பார்த்தாள்.

"குடிச்சிட்டாளா?"

"குடிச்சிட்டா. என்னால எந்திரிக்க முடியல டெஸ்."

"எந்திரிக்காத. நீ அங்கயே உக்காரு."

சேற்றில் மண்டி போட்டு, பட்டரின் தலையை மடியில் தூக்கி, கன்னத்து ஓரமாக வினிகர்ப் புட்டியைச் செருகினாள். "குடி கண்ணு. முன்ன குடிச்ச மாதிரியே குடி." ஒரு புட்டி, இன்னொரு புட்டி. பட்டரின் வயிறு மத்தளமாக உப்பியது. நான் கடப்பாரையைக் குத்திக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் ஓட்டை உடைந்தது. எனக்கடியில் தண்ணீர் சுழன்று இறங்கியது. அது முழுக்க வடிந்தபோது டெஸ்லி புட்டியைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். பட்டரின் மூச்சு நின்றிருந்தது.

மழையும் நின்றது. கீயோ ரேடியோவில் இன்னும் பாடிக்கொண்டிருப்பான். மற்ற பசுக்கள் எங்களைச் சுற்றி நின்று, ஏமாந்த முகத்தோடு அசைபோட்டன. காது துடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றுக்கும் துடிக்கவில்லை.

பூட்ஸ் குதிகாலால் தரையைக் கீறினேன். ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே பழைய புழுதிதான். புல் முளைக்கப் போதாத மழை. தொட்டி நிறையப் போதுமான மழை.

"இறைச்சிக்கு வளக்கிற மாட்டுக்குப் போய் அழறோம் பாரு," என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டெஸ்லி பட்டரின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "வீட்டுக்குப் போய் டிரில்ல எடுத்துட்டு வா. பெரிய ஓட்டை போடற பிட்டையும் சேத்து எடுத்துக்க. ஒரு தொட்டிக்கு ஓட்டை ஒண்ணு பத்தாது."

"நாளைக்கி..."

அவள் மேற்கே கை காட்டினாள். மூன்று வருஷமாக நாங்கள் தேடிய மேகம், கன்னங்கரேலென்று எழும்பிக்கொண்டிருந்தது.

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன்.