நம்பர் தெரியாத பிள்ளை

சேரன்மகாதேவி உயர்நிலைப் பள்ளியில் சத்தியநேசன் சாருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'ஏன்லே'. கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டினாலும் மனுஷன் விடமாட்டார். "ஏன்லே? ஏன் இப்படி வந்துச்சு?" என்று குடைவார். விடை வந்தபிறகு ஏன் என்ன வேண்டிக்கிடக்கு? பிள்ளைகளுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பம்பாயில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு வருஷம் கணிதம் பண்ணியவர். எழுதிய இரண்டு கட்டுரைகள் ஜெர்மனியில் அச்சாகியிருந்தன. எழுபத்தெட்டாம் வருஷம் பாளையங்கோட்டையில் அப்பா வாதம் வந்து விழுந்தார். ஒற்றைப் பிள்ளை, ஓடிவந்தார். மூன்று மாசம் என்று வந்தது ஒன்பது வருஷமாயிற்று. குளிப்பாட்டினார், கஞ்சி ஊட்டினார், நடுவில் பி.எட். படித்துப் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தார். அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்பியபோது வயது நாற்பத்தொன்று. கல்யாணமும் நடக்கவில்லை, கணிதமும் நடக்கவில்லை. பம்பாய்ச் சிநேகிதர்களின் கடிதம் முதலில் மாசம் ஒன்று வந்தது, பிறகு வருஷம் ஒன்று, பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

வீட்டில் ஒரு நாற்காலிதான் வாசலைப் பார்த்துக் கிடக்கும். இன்னொன்றில் புத்தகங்கள் இருக்கும். ஆள் வந்தால்தானே அதை ஒழிக்க வேண்டும்!

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஏப்ரல் மாசம், பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பேப்பர் திருத்தும் முகாமுக்கு வழக்கம்போலப் பாளையங்கோட்டைக்குப் போனார். பேப்பரெல்லாம் வேறு மாவட்டத்திலிருந்து வரும். பேரும் பதிவெண்ணும் இருக்கிற மேல்தாளைக் கிழித்துவிட்டு, வேறு ஒரு எண்ணைப் போட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். காலையில் இருபது, மத்தியானம் இருபது. கூடவே ஒரு விடைக்குறிப்பு. எந்த வரிக்கு எத்தனை மார்க் என்று அதில் இருக்கும். மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் காரியம் நடந்துவிடும்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அந்தப் பேப்பர் வந்தது. முக்கோணத்தின் ஒரு கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் கோடு எதிர்ப்பக்கத்தை என்ன விகிதத்தில் பிரிக்கும் என்கிற தேற்றம், ஐந்து மார்க். புத்தகத்தில் உள்ளபடி வெளியே ஒரு இணைகோடு வரைய வேண்டும். இந்தப் பிள்ளை வெளியே எதையுமே வரையவில்லை. உள்ளே இருந்த இரண்டு துண்டுகளின் பரப்பை ஒருதரம் இப்படி அளந்து, ஒருதரம் அப்படி அளந்து, மூன்றே வரியில் முடித்திருந்தது.

சத்தியநேசனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக இதே வழியைப் போர்டில் போட்டுக் காட்டியிருக்கிறார். வருஷா வருஷம் கிடைத்த பதில், "சார், இது பரீட்சைக்கு வருமா?" செவிடன் காதில் ஊதின சங்குதான். இங்கே முகம் தெரியாத ஒரு பிள்ளை, யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடித்திருக்கிறது! சிவப்புப் பேனா தானாக ஓரத்துக்குப் போயிற்று.

"என்னவே நேசன், ஒத்தப் பேப்பரை அரை மணி நேரமா வச்சிக்கிட்டு இருக்கீரு?" முதன்மைத் தேர்வாளர் கார்த்திகேசன் வந்து பேப்பரை எடுத்தார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், கறாரான ஆள், கெட்டவர் இல்லை. "இணைகோடு எங்கவே? குறிப்புல இப்படி இல்லையே. படத்துக்கு ஒண்ணு போட்டு விடும்."

முகாமில் இத்தனை வருஷத்தில் வாயே திறக்காத மனுஷன் எழுந்து நின்றார். "தப்புன்னு ஒரு வரியைக் காட்டும். நான் சைபர் போடுதேன்."

ஹாலே திரும்பிப் பார்த்தது. கார்த்திகேசன் நின்றபடியே படித்தார். இரண்டாம் தரம் உட்கார்ந்து படித்தார்.

"சரியாத்தான் இருக்கு வே. சும்மா சொல்லக் கூடாது, பய கெட்டிக்காரன்."

"பொம்பளப் புள்ளையாவும் இருக்கலாம்," என்றார் சத்தியநேசன்.

கார்த்திகேசன் சிரித்துக்கொண்டே பச்சை மையில் ஐந்து போட்டார். அப்புறம்தான் ஓரத்தைக் கவனித்தார்.

'அழகு! கோணத்தை வெளிப்பக்கமாக வெட்டினால் என்ன ஆகும்? இதே வழி போதுமா? யோசித்து எனக்கு எழுது.' அதற்குக் கீழே பெயர், தெரு, சேரன்மகாதேவி, பின்கோடு.

"இது என்னவே, அட்ரஸா? பேப்பர் எங்க போகும்னு உமக்குத் தெரியாதா? கட்டி உள்ள போட்டு, அப்புறம் அரைச்சுக் கூழாக்கிருவான். எழுதுன பிள்ளை கண்ணுல இது படவே படாதுவே!"

தெரியாமல் என்ன? எல்லாம் தெரியும். எழுதும்போதுதான் மறந்துபோயிற்று. பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று கை முந்திக்கொண்டது.

"அடிச்சிரும். மேல யாராவது பாத்தா மெமோ வந்துரும். நான் உம்ம நல்லதுக்குத்தான் சொல்லுதேன்," என்றார் கார்த்திகேசன், பைய.

சத்தியநேசன் ஒவ்வொரு வரியாக அடித்தார். அட்ரஸைக் கடைசியில் அடித்தார். நாற்பத்தெட்டு வயதில், அத்தனை வாத்தியார்கள் நடுவில், அவருக்கு அழுகை வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டு அடுத்த பேப்பரை எடுத்தார்.

ஜூன் மாசம் ரிசல்ட் வந்தது. தினசரிப் பேப்பரில் பக்கம் பக்கமாக, எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடிப்பொடியாகப் பாஸான எண்கள். சத்தியநேசன் ஜங்ஷன் கடையில் சொல்லிவைத்து மதுரைப் பதிப்பு, திருச்சிப் பதிப்பு, கோவைப் பதிப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு, சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் தாஜ் முகம்மது டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அவர் விரலை வைத்து வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தார்.

"யாருக்கு சார் பாக்கிய? சொந்தக்காரப் பிள்ளையா? நம்பரைச் சொல்லுங்க, நானும் ஒரு பக்கம் தேடுதேன்," என்றார் தாஜ் முகம்மது.

"நம்பர் தெரியாது பாய்."

"பேரு?"

"அதுவும் தெரியாது."

"ஊராவது தெரியுமா?"

சத்தியநேசன் தலையை ஆட்டினார்.

"பின்ன என்னத்த சார் தேடுதிய?"

"பாஸாயிருக்கும்லா பாய். இதுக்குள்ளதான் எங்கனயோ இருக்கும்," என்று சொல்லிவிட்டு, விட்ட வரியில் விரலை வைத்தார்.

தாஜ் முகம்மதுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெஞ்சில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "இங்கன நிழலுக்கு வந்து இருந்து பாருங்க சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறு டீ ஆற்றப் போனார்.