என் முகத்துக்குக் கிடைக்கும் வீடு

நீ மட்டும் மேல போயிட்டு வா, நான் காருலயே இருக்கேன், என்று என் கணவர் குணாளன் முதன்முதலில் சொன்னபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஏங்க, குடியிருக்கப்போறது நீங்களும்தானே, என்றேன், ஒம் மூஞ்சிக்கு வீடு கெடைக்கும்லா, என்ன மாதிரி தமிழனப் பாத்தா இப்பத்தான் வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்பாங்க, என்று சிரித்தார், நானும் சிரித்தேன், சீனத்தாய் ஒருத்தி பெற்றுக் கொடுத்துவிட்டுப் போக, ரப்பர் தோட்டத்தில் தமிழ் அம்மா எடுத்து வளர்த்த பிள்ளை நான், சீனத்தில் ஒரு சொல் தெரியாது, முகம் மட்டும் அவர்களுடையது, அந்த முகத்தோடு படியேறுகிறேன், சாவியோடு இறங்குகிறேன், மெத்தையைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்த மறுநாளே சீன வீட்டுக்காரரின் மகனுக்குத் திடீரென்று கல்யாணம் கூடிவிடுகிறது, காலி செய்யச் சொல்கிறார்கள், இதோ இன்று கிள்ளான் நகரத்தில் இந்த மூன்றாவது மாடிக்கும் நிறைமாத வயிற்றோடு நான்தான் ஏறி வந்திருக்கிறேன், புள்ள ஒன்ன மாதிரியே பொறக்கட்டும், அதுக்காவது சுலபமா வீடு கெடைக்கும், என்று வழியில் அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்காரச் சீனம்மா சீனத்தில் ஏதோ கேட்கிறாள், நான் புன்னகைக்கிறேன், இங்கிலீஷ் பள்ளியில் படித்த பெண்ணா, என்று தானே முடிவுசெய்துகொண்டு மலாய்க்கு மாறுகிறாள், ஜன்னலைத் திறந்து காட்டுகிறாள், கீழே எங்கள் கார், தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து இன்ஜினியரான மனிதர் யார் கண்ணிலும் படாமலிருக்க இருக்கையில் சரிந்து கிடக்கிறார், அப்போது பிள்ளை உதைக்கிறது, அம்மாடி, என்று வாய் சொல்லிவிடுகிறது, அவள் கை ஜன்னல் கம்பியிலேயே நிற்கிறது, அது தமிழாச்சே, உனக்கு எப்படித் தெரியும், என்கிறாள், பக்கத்து வீட்டில் தமிழர்கள் இருந்தார்கள், என்கிறேன், ஓ, என்று முகம் மலர்ந்து சாவியை எடுத்து நீட்டுகிறாள், காய்ச்சலில் என்னை மடியிலிருந்து இறக்காத என் அம்மா ஒரே வார்த்தையில் பக்கத்து வீட்டுக்காரியாகிவிட்டாள், நாளை இந்தப் பிள்ளை தன் அப்பாவை யாரென்று சொல்லும், ஒரு நிமிஷம், என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்காமலேயே இறங்குகிறேன்.

கெடைச்சிருச்சா, என்கிறார் குணாளன், சரிந்தபடியே, நான் அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறேன், என்னம்மா, யாராச்சும் பாக்கப்போறாங்க, என்கிறார், முதல் வீடு பார்த்த நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன், எறங்குங்க, எங்கூட மேல வாங்க, எம் புருஷன் இவருதான்னு நான் அந்தம்மாகிட்ட சொல்லணும், குடுத்தா குடுக்கட்டும், இல்லாட்டி போகட்டும், இனிமே என்னத் தனியா அனுப்பாதீங்க.