ஆழ்ந்த கவலையுடன் கவனத்தில் கொள்கிறோம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. செவன் ஹில்ஸில் ஒரு பிறந்தநாள் வீட்டில், சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிரூபா சொன்னது. அவள் மொழிபெயர்ப்பாளர். "எழுதுறதெண்டால் எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவளாக்கிப் போடாதேங்கோ" என்றாள்.

முதல் தொடக்கம்: மெரிலேண்ட்ஸில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், மாக்கிறேட்டின் கண்களில்—

(விட்டுவிட்டேன். அன்று மழை இல்லை. அவள் அழவும் இல்லை.)

2

மாக்கிறேட் மன்னார்க்காரி. மெரிலேண்ட்ஸில் இருக்கிறாள், பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை. 2009 இல் சண்டை முடிந்த கையோடு, அகதி முகாமிலிருந்து அவளுடைய தங்கச்சி ஜெனோஜாவை விசாரணைக்கென்று சீருடைக்காரர் கூட்டிப்போனார்கள். நாலாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு கிழமை கழித்து மறுபடி கூட்டிப்போனார்கள். பிறகு அவள் வரவேயில்லை.

போன வருடம், இங்கே கான்பராவிலிருந்து ஓர் அமைச்சர் கொழும்புக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, மாக்கிறேட் அவருக்குத் தமிழில் பதினொரு பக்கம் எழுதினாள். நிரூபா அதை ஒன்றரைப் பக்க ஆங்கிலமாக்கி அனுப்பினாள். ஏழு மாதத்தில் பதில் வந்தது.

3

குசினி மேசையில் மாக்கிறேட் அந்தப் பதிலை விரித்து வைத்தாள்.

"தங்கச்சியின்ர பேரைத் தேடினனான். காணேல்லை. எந்த இடத்தில வருகுது?"

நிரூபா வாசித்தாள். ஆழ்ந்த கவலை. ஆக்கபூர்வமான உரையாடல். தனிப்பட்ட சம்பவங்கள் குறித்துக் கருத்துக் கூறுவதில்லை; எனினும், பெண்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிப் பொருத்தமான சந்தர்ப்பங்களில் எடுத்துரைத்து வருகிறோம்.

"'தனிப்பட்ட சம்பவங்கள்' எண்டு போட்டிருக்கினம், அக்கா."

"அதுக்குள்ளயோ தங்கச்சி?"

"ஓம். அதுக்குள்ளதான்."

காட்டச் சொன்னாள். நிரூபா விரலை வைத்துக் காட்டினாள்.

4

வீட்டுக்குப் போகிற வழியில் நிரூபா காரை ஓரங்கட்டி, தான் அனுப்பிய கடிதத்தைத் தொலைபேசியில் திறந்து பார்த்தாள். 'கெடுத்துப்போட்டாங்கள்' என்று மாக்கிறேட் நாலு இடத்தில் எழுதியிருந்தாள். எத்தனை பேர் என்றும் எழுதியிருந்தாள். நிரூபா அதையெல்லாம் 'மோசமாக நடத்தப்பட்டார்' என்று ஆக்கியிருந்தாள். அமைச்சுக்குப் போகிற கடிதம், மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்தாளாம். பதிலில் இருந்த 'நடத்தப்பட்ட விதம்' அவள் கொடுத்தனுப்பிய சொல்.

(அடிக்குறிப்பு: எத்தனை பேர் என்பதை நானும் எழுதவில்லை. எழுதி வெட்டினேன். நானும் மரியாதையான ஆள்தான்.)

5

அடுத்த சனிக்கிழமை நிரூபா போய்ச் சொன்னாள். "நான்தான் அக்கா சொல்லை மாத்தினனான்."

மாக்கிறேட் கேட்டாள்: "எழுதேக்க நான் வெக்கப்படேல்லை. உமக்கென்ன வெக்கம்?"

அன்றே மறுபடி தொடங்கினார்கள். இந்தமுறை பதினொரு பக்கமும், சொல்லுக்குச் சொல். பெயர், திகதி, எண்ணிக்கை எல்லாம்.

இந்த இடத்தில் கதை திரும்பவேண்டும். கான்பராவிலிருந்து தொலைபேசி வருகிறது, மறுமுனையில் ஒரு பெண் அதிகாரி தயங்கித் தயங்கி—

(இல்லை. அப்படி நடக்கவில்லை.)

அனுப்பி ஐந்து கிழமையில் பதில் வந்தது. திகதி மட்டும் வேறு. மற்றதெல்லாம் முந்திய கடிதமே, எழுத்துக்கு எழுத்து.

6

மாக்கிறேட் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பிள்ளை, ஆரோ வாசிச்சிருப்பினம்தானே? கையெழுத்து இருக்கு."

நிரூபா என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, சாப்பிட்ட கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

ஆறுதலாக ஒன்று, கோபமாக ஒன்று, பேசாமல் தேத்தண்ணி போட எழும்புவதாக ஒன்று என்று மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் மாக்கிறேட் தலையாட்டினாள். அவள் ஆட்டமாட்டாள். ஆகவே மூன்றையும் எடுத்துவிட்டேன். இன்னும் அந்தக் கதிரையில்தான் இருக்கிறாள், கேட்டுவிட்டு.

வாசித்த ஆள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் சொல்லுங்கள் அவளுக்கு.