துருவின் சூடு

உப்புக் காற்றில் பிறந்தவனுக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகு எஞ்சினில் அதைச் சுரண்டிச் சுரண்டியே என் கை காய்த்துப்போயிருக்கிறது. அப்படிப்பட்ட எனக்குத்தான் அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

கார்த்திகை மழை. விடிந்து கொஞ்ச நேரத்தில், உச்சமுனைத் தீவில், வீட்டிலேயே என் தங்கை ஷானிகாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. ஏழு மாதம்தான். புருஷன் கடலில். "பிள்ளையைக் குளிர விடாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க, அதுதான் முக்கியம்" என்று மிட்வைஃப் ஃபோனில் சொன்னார்.

நான் கொரியாவில் மீன் பண்ணையில் வேலை செய்தவன். அங்கே பனிக்காலத்தில் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொதி ஒன்று என்னிடம் மிச்சமிருந்தது. உறையைக் கிழித்துக் குலுக்கினேன். சூடு ஏறியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. படகில் ஏறுமுன் ஃபோனைக் கட்டுவதுபோல அதையும் பொலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக்கி முடிந்தேன். தண்ணீர் பட்டால் எதுவும் பழுதாகும் என்பதுதானே எங்கள் படிப்பு. துணி சுற்றிய பிள்ளையின் முதுகோடு ஷானிகா அதை அணைத்து வைத்துக்கொண்டாள்.

படகு களப்பைப் பாதி கடந்தபோது சொன்னாள்.

"அண்ணா, சூடு குறையுது போல."

"உள்ள ஈரம் போயிருக்கும். இங்க தா."

மேலே இன்னொரு பையைப் போட்டு இன்னும் இறுக்கினேன்.

கற்பிட்டி ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அரை மணித்தியாலத்தில் டொக்டர் வெளியே வந்து, பிள்ளை தப்பவில்லை என்று தலையை அசைத்தார். உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிட்டதாம். பெண் பிள்ளை.

பஹ்மிதா என்ற தாதி துணிகளைத் திருப்பித் தந்தாள். அவற்றுக்குள் பொதி கிடந்தது.

"ஏன் இதக் கட்டி வெச்சீங்க?"

"தண்ணி படாம இருக்க, மிஸ்."

"உள்ளுக்க இரிக்கிறது இரும்புத் தூள், உப்பு, கரி. காத்துப் பட்டாத்தான் இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிக்கக்குள்ள வாற சூடுதான் இது. காத்த அடச்சா…"

என் முகத்தைப் பார்த்தவள், இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, பொதியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் பொதி சுடத் தொடங்கியது. எறிய மனம் வரவில்லை. காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன். ஷானிகா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அது பழைய சாமான், அதான் அணைஞ்சுபோச்சு. என்ன அண்ணா?"

"ஓம்" என்றேன்.

பின்னேரம் வரைக்கும் அது என் தொடையில் சுட்டுக்கொண்டே இருந்தது.